வெளுத்த குளம்

சேற்றுக்குள் முழங்கைவரை புதைந்த கை தடவிக்கொண்டே போகிறது, வழவழப்பாக ஒன்று விரலில் தட்டுப்படுகிறது, கிழங்கு என்று நினைத்து இழுத்தால் செத்த அயிரை, அடுத்ததும் அயிரை, அதற்கடுத்தது உடைந்த மண்சட்டியின் விளிம்பு, எல்லாவற்றையும் கரையில் எறிந்துவிட்டுத் திலகவதி மறுபடி கையை விடுகிறாள், பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகியிருக்கிறாள், மகளின் நிச்சயத்துக்காக எடுத்துப் போட்ட ஆரம் குனியும்போதெல்லாம் தண்ணீரைத் தொட்டு எழுகிறது, தண்ணீர் என்று சொல்லவே வாய் கூசுகிறது, நேற்று மத்தியானம் வரைக்கும் தண்ணீராக இருந்தது, இலையும் தண்டுமாக, பச்சையும் பழுப்புமாக, அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் காட்டாத தண்ணீர், இப்போது அவள் கால் படாத மூலையில் தரைவரை தெரிகிறது, ஆஸ்பத்திரி வராந்தாவின், பஸ் நிலையக் கழிப்பறையின், பிணம் எடுத்துப்போன வீட்டு வாசலின் வாடை அடிக்கிறது.

பிளீச்சிங் பவுடர், அண்ணன் தருமலிங்கம் போட்டது, கொட்டியது என்றுதான் சொல்ல வேண்டும், காலையில் எழுந்தபோதே அந்த வாடை வந்தது, வாசலில் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு போட்டிருந்தார், பந்தல்காலில் இருந்து தெருமுக்குவரை, சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர், மந்திரி வந்தாலும் கோடு, சாவு விழுந்தாலும் கோடு, சொந்தத் தங்கச்சி மகள் நிச்சயத்துக்குப் போடமாட்டாரா, அதன் நாற்றம்தான் என்று நினைத்துக்கொண்டே காப்பி கொடுத்தாள், தட்டுகளுக்குப் பழம் அடுக்கினாள், சேலை கட்டினாள், பிறகு சிந்துஜா கூப்பிட்டாள், அம்மா, தலையில வைக்க நம்ம குவளை ஒண்ணு பறிச்சிட்டு வாயேன், பியூட்டி பார்லர்காரி பிளாஸ்டிக் ஆர்க்கிட்ட வைக்கப் பாக்குறா, அதற்காகத்தான் பின்கதவைத் திறந்தாள், திறந்து நின்றாள், குவளை இலைகள் வெந்த முட்டைக்கோஸ் நிறத்தில் மிதக்கின்றன, மொட்டுகள் கழுத்து ஒடிந்து கிடக்கின்றன, வேலம்பாசி கரைந்து நூல்நூலாகப் போயிருக்கிறது, கரையோரத்து நீர்ப்பிரமியையும் ஆரைக்கீரையையும் யாரோ மண்வெட்டியால் செதுக்கி வேலியோரம் குவித்திருக்கிறார்கள், மீன்கள் வயிறு தெரிய மிதக்கின்றன, ஒரு தட்டான் மட்டும் எதுவும் தெரியாமல் வந்து செத்த இலைமேல் உட்கார்கிறது.

அண்ணன் பின்னாலேயே வந்தார், வெள்ளைப் பட்டுவேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு, முகம் முழுக்கச் சிரிப்பு, எப்படித்தா இருக்கு, கண்ணாடி மாதிரி இல்ல, நேத்து நீ பூ மார்க்கெட்டுக்குப் போனதும் நம்ம பழைய ஆளுக ரெண்டு பேரை வரச்சொல்லி முடிச்சேன், ஒனக்குச் சொல்ல வேணாம்னு ஒன் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், ஒரே பாசி, ஒரே கொசு, சம்பந்தி வீட்டுக்காரங்க கைகழுவப் பின்னாடி வந்தா என்ன நினைப்பாங்க, போட்டோக்காரன்கூடக் கேட்டான், பொண்ணையும் மாப்பிள்ளையையும் கரையில நிக்கவச்சு எடுக்கலாம்னு, பூச்செடிய மட்டும் விட்டு வைங்கடான்னு சொன்னேன், விட்டிருக்காய்ங்கல்ல. அவள் எவ்வளவு போட்டீங்க என்று கேட்டாள், அது வந்துச்சுத்தா ஒரு மூட்டை, கிணத்துக்குப் போடுற அளவெல்லாம் இதுக்குப் பத்தாது, பாசி சாகணும்ல என்றார், பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தோடு நின்றார், அந்த முகத்தில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டது, திட்டி அடித்து நாசம் பண்ணியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது, பிரியமாகச் செய்திருக்கிறார், எப்போதும் பிரியமாகத்தான் செய்வார், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள், என்னத்தா பண்ற, பட்டு, பட்டு என்று அவர் கத்தியது காதில் விழுந்தது.

இலை போனால் போகட்டும், கிழங்கு சேற்றுக்குள் இருக்கிறது, மருந்து சேற்றில் இறங்க நேரம் பிடிக்கும், இப்போதே எடுத்து நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நிச்சயம் போய்விடும், இது போனால் வேறு எங்கே போய்க் கேட்பது, பெரியாலங்குளம் கண்மாயையா கேட்பது, அது இப்போது மனைகளாகக் கிடக்கிறது, கல்நட்டு நம்பர் எழுதி, வளைவு வைத்து, வளைவில் தாமரைப் படம் வரைந்து.

கண்மாய்க்கரை வழியாகத்தான் அவள் வேலைக்குப் போவாள், மின்வாரியத்தில் கணக்கெடுக்கிற வேலை, வீடு வீடாக மீட்டர் பார்க்கிற வேலை, கரையில் சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிஷம் பார்ப்பாள், காலை வெயிலில் மடைக்குப் பக்கத்தில் மட்டும் குவளை நீலமாகப் பூத்துக் கிடக்கும், வெள்ளை அல்லி எங்கேயும் இருக்கும், இந்த நீலம் அந்த ஒரு மூலையில்தான், மத்தியானம் திரும்பி வந்தால் மூடியிருக்கும், கையில் கைப்பை, கக்கத்தில் குடை, பசி, நாலு வீட்டு நாய்கள் துரத்திய களைப்பு, அந்த நீலத்தைப் பார்த்த மூளை மட்டும் நாள் முழுக்கக் குளிர்ந்திருக்கும், ஒருநாள் கரையில் சைக்கிளை நிறுத்தினால் மண் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, மண்வாரி இயந்திரம் மடையில் வாயை வைத்திருக்கிறது, என்னய்யா பண்றீங்க என்றால் டிரைவர் சிரிக்கிறான், அக்கா, தண்ணி இல்லாத கம்மா எதுக்குக்கா, தண்ணி இருக்குதேய்யா, பூ பூத்திருக்கே, இன்னைக்குச் சாயங்காலம் இருக்காதுக்கா என்று சொல்லிவிட்டு நெம்புகோலை இழுக்கிறான், அவள் சீருடைச் சேலையோடு இறங்கினாள், அன்றைக்கும் இப்படித்தான் முழங்கைவரை, இப்படித்தான் கண் தெரியாமல் விரலால் பார்த்து, முதலில் கிடைத்ததைத் தலைப்பில் முடிந்தாள், பிறகு டிரைவரே, அக்கா, போதும், ஏறுக்கா, மேல விழுந்துடும் என்று தன் தண்ணீர்க்குடத்தைக் கொடுத்தான், அதில் போட்டுச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தாள், அவன் பெயர்கூடக் கேட்கவில்லை, அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, அவனாவது இன்ன நேரத்துக்குப் போய்விடும் என்று முன்கூட்டிச் சொன்னான்.

வீட்டில் வைக்க ஏது இடம், பின்பக்கம் ஒரு பள்ளம் இருந்தது, வீடு கட்டுகிறபோது கட்டடத்துக்கு ஊற்றத் தண்ணீர் நிறுத்திய பள்ளம், கட்டி முடித்ததும் மூடிவிட வேண்டியது, மூடுவதற்குக் கிராவல் வரும் வரும் என்று கணவர் குமரேசன் சொல்லிக்கொண்டே இருந்தார், நல்லவேளை அவர் எதையும் உடனே செய்கிறவர் இல்லை, அதில்தான் ஆரம்பித்தாள், முதல் தடவை எல்லாம் அழுகிப்போனது, சாணியும் ஆட்டெருவும் போட்டு வளர்க்கப் பார்த்தாள், தண்ணீர் பச்சைக் கஞ்சியாகி நாறியது, மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்ச் சட்டியில் வைத்திருந்த கடைசிக் கிழங்குதான் மிச்சம், பிறகு புத்தி வந்தது, எருவே வேண்டாம், வெறும் களிமண், வாய் அகன்ற மண்சட்டி, கிழங்கின் கண் மட்டும் மேலே தெரிய, மேலே ஒரு பிடி மணல், முதலில் ஆழமில்லாத இடத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல், இலை நீள நீளச் செங்கல்லை ஒவ்வொன்றாக உருவி இறக்க வேண்டும், அவசரப்பட்டு ஆழத்தில் இறக்கினால் இலை மூச்சு முட்டிச் செத்துப்போகும், மெதுவாக இறக்கினால் இலை தானாக எழும்பித் தண்ணீரின் மேலே வந்து படுத்துக்கொள்ளும், அதை இறக்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் சிந்துஜா பெரியவளானாள், காலேஜுக்குப் போனாள், வேலைக்குப் போனாள், ஒருத்தனைப் பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னாள், சொன்னதும் இந்தக் கரையில் வைத்துத்தான், அம்மா கோபப்படாம கேளு, திண்டுக்கல் பையன்மா, அவங்க அம்மா டெய்லர் கடை வச்சிருக்காங்க, அவள் கையில் அப்போது செங்கல் இருந்தது, எதுக்குக் கோபப்படப்போறேன், இந்தா இதப் பிடி, சேறு படாம நில்லு.

கொசு வரும் என்றார் அண்ணன், முதல் நாளில் இருந்து, வந்தது உண்மைதான், முதல் மழைக்காலத்தில் வந்தது, பிறகு அயிரை விட்டாள், தட்டான்கள் தாமாக வந்தன, தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்னும், இரண்டாம் வருஷம் தெருவில் எல்லார் வீட்டுச் சாக்கடையிலும் கொசு, இந்தக் குளத்தில் இல்லை, அண்ணே, கரண்டியில மோந்து பாருங்க, ஒரு புழு இருந்தாச் சொல்லுங்க என்றாள், அவர் மொண்டு பார்க்கவில்லை, நான் முப்பது வருஷ சர்வீஸ்த்தா, தேங்குன தண்ணின்னா கொசுதான் என்றார், அண்ணனுக்குக் கண்ணால் பார்க்கிற பழக்கம் கிடையாது, தீர்ப்பு முதலில் வரும், பார்ப்பது பிறகு, பெரும்பாலும் வராது.

இதோ ஒன்று, விரல் சரியாகச் சொல்கிறது, கோழிமுட்டை பருமன், மேலே மயிர்மயிராக வேர், கண் அழுகவில்லை, கரையில் இருக்கிற அலுமினியப் பேசினில் போடுகிறாள், கால் எரிகிறது, விரல் இடுக்கெல்லாம் மிளகாய் அரைத்த கைபோல எரிகிறது, ஏங்க, மோட்டாரப் போடுங்க, குழாய இங்க இழுங்க என்று கத்துகிறாள், குமரேசன் கையைப் பிசைந்துகொண்டு வருகிறார், திலகா, சமையக்காரர் தொட்டி நெறையட்டும்னு சொல்றாரு, சாம்பாருக்குத் தண்ணி பத்தலையாம், சாம்பாரக் கெட்டியா வைக்கச் சொல்லுங்க, ஒங்களுக்கு நேத்தே தெரியும்ல, தெரியும்தான், மச்சான் சொல்ல வேணாம்னுட்டாரு, சர்ப்பிரைஸ்னாரு, நான் என்ன பண்ண, நீங்க என்ன பண்ணுவீங்க, நீங்க என்னைக்கு என்ன பண்ணிருக்கீங்க, குழாய இழுங்க. அவர் இழுத்தார், வேகமாகவே இழுத்தார், அது ஒன்றுதான் அவரிடம் நல்லது, கோபப்பட்டுச் சொன்னால் செய்துவிடுவார், கோபப்படாமல் சொன்னது எதுவும் இந்த வீட்டில் இதுவரை நடந்ததில்லை.

மண்ணெண்ணெய் வாடையும் இந்த வாடையும் ஒன்றுபோல மூக்கில் ஏறுகின்றன, அவளுக்கு வயது ஒன்பது இருக்கும், தலையில் பேன், அண்ணன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார், ஒரே நாள்ல ஒழிச்சிடலாம் என்று தலையில் கிராசினாயில் ஊற்றித் துணியால் கட்டிவிட்டார், ராத்திரி முழுக்க எரிகிறதே அண்ணே என்று அழுதாள், எரிஞ்சாத்தான் சாகும் என்றார், விடிந்து அவிழ்த்தால் நெற்றியோரம் தோல் உரிந்து வந்தது, பேனும் செத்திருந்தது, பார்த்தியா, ஒண்ணுகூட இல்ல என்று எல்லாருக்கும் காட்டினார், அம்மாகூடச் சிரித்தாள், பிறகு திலகவதியின் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார், ஏம்மா, மேல படிக்கணும்னு ஆசை ஏதும் இருக்கா, அவள் வாயைத் திறந்தாள், இருக்கிறது என்ற சொல் நாக்கில்தான் இருந்தது, அவளுக்கு அதெல்லாம் வேணாங்க, வேலைக்கு எழுதியிருக்கா, அது போதும் என்றது அண்ணன் குரல், எல்லாரும் தலையை ஆட்டினார்கள், தட்டு கை மாறியது, அவள் வாயை மூடிக்கொண்டாள், அந்தச் சொல் எங்கே போனது, விழுங்கினாளா, இத்தனை வருஷம் எங்கே கிடந்தது, சேற்றுக்குள் கையை விட்டுத் தேடினால் கிடைக்குமா, இப்போது எரிகிறதே இதுதானா.

பின்ஜன்னலில் சிந்துஜா முகம், பாதி மேக்கப், ஒரு புருவம் மட்டும் வரைந்திருக்கிறது, அவளுக்கு விஷயம் புரிந்து அழுது முடித்துவிட்டாள்போல, கண் சிவந்திருக்கிறது, அம்மா, இன்னும் எத்தனை சட்டி இருக்கு, மடையோரத்து நீலம் மூணுல ரெண்டு இன்னும் சிக்கலடி, அவங்க வந்துட்டாங்கம்மா, வேன் முக்குல நிக்குது, சரி நீ எடு, நான் சேலைக்குக் குத்துற பின்னு காணோம்னு சொல்லி லேட் பண்றேன், எவ்வளவு நேரம்டி பின்னு தேடுவ, கேட்டா எல்லாப் பின்னும் தொலைஞ்சிருச்சுன்னு சொல்றேன், மாமாவ நம்ம வீட்டுப் பக்கம் யாரும்மா விட்டது, சத்தமா பேசாத, தாய்மாமன் இல்லாம ஒன்ன மணையில உக்கார வைக்க முடியாது, அப்ப மணையத் தூக்கிப் போடு என்றாள் சிந்துஜா, ஜன்னலை மூடினாள்.

அதுதான், அதுதான் கழுத்தைப் பிடிக்கிறது, வெளியே போங்க அண்ணே என்று சொல்ல முடியாது, இன்றைக்குச் சிந்துஜாவுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பவர் அவர், மாலை போட்டு மணையில் உட்கார வைப்பவர் அவர், அவர் முகம் சுளித்துக்கொண்டு தெருவில் நின்றால் வந்தவர்கள் எல்லாம் ஏன் என்று கேட்பார்கள், குளத்துச்செடி செத்துப்போச்சுன்னு பொண்ணோட அம்மா தாய்மாமன வெரட்டிட்டா என்று பதில் வரும், எல்லாரும் சிரிப்பார்கள், செடிதானே, ஆமாம், செடிதான், கண்மாய் போனபோதும் செடிதானே என்றார்கள், மரம் போனபோது மரம்தானே என்றார்கள், தானே தானே என்று எல்லாவற்றையும் மூடி அதன்மேல் வெள்ளைக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டு கிடைத்துவிட்டது, ஒன்று பாதி குழைந்து, ஒன்று முழுசாக, மூன்றாவதன் சட்டியை அந்த ஆட்கள் கவிழ்த்துவிட்டார்கள்போல, இடம் தெரியவில்லை, மேளம் கேட்கிறது, முன்பக்கம் வாங்க வாங்க என்ற சத்தம், சமையல்காரர் கெட்டிச் சாம்பார் பற்றி யாரிடமோ சண்டை போடுகிறார், குழாய்த் தண்ணீர் பேசினில் விழுந்து வழிகிறது, மருந்தை அலசி அலசி வெளியேற்றுகிறது, நிறுத்தக்கூடாது, தண்ணீர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், அண்ணன் மறுபடி வருகிறார், இந்தத் தடவை சிரிப்பு இல்லை, பின்னால் மதினி சரோஜா வந்து நிற்கிறார், திலகா, என்ன இது கூத்து என்கிறார் அண்ணன், அவங்க உக்காந்தாச்சு, நேரம் போயிட்டு இருக்கு, ஒரு கிழங்கு இன்னும் இருக்கு அண்ணே, கிழங்கா, ஒனக்குப் பைத்தியமா, நான் நாளைக்கு நர்சரியில இருந்து ஒரு வண்டி தாமரை எறக்குறேன், கலர் கலரா, இது அங்க கிடைக்காது அண்ணே, என்னத்தா கிடைக்காது, காசு குடுத்தா எல்லாம் கிடைக்கும், எந்திரி, அவள் எழவில்லை, கை சேற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது, அவர் மதினியைப் பார்த்தார், மதினி அவரைப் பார்த்தார், சரி விடு, நீ இந்தக் கோலத்துல வர வேணாம், குளிச்சிட்டு மெதுவா வா, நானும் ஒன் மதினியும் உக்காந்து தட்டு மாத்திக்கிறோம், முறைதான், அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லிக்கிறேன்.

அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லிக்கிறேன், அவர்கள் போய்விட்டார்கள், அந்த வாக்கியம் போகவில்லை, அது தண்ணீரின்மேல் கிடந்தது, அவள் குனிந்தபடியே இருந்தாள், தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை இல்லை, பொதியைத் தூக்குகிறவர்கள் விடுகிற சத்தம், இரண்டு கையையும் தோள்வரை விட்டாள், கன்னம் அந்த நாற்றத் தண்ணீரில் படிந்தது, கண்ணை மூடிக்கொண்டாள், கண்மாய் மடையா இது, லாரிகள் நிற்கின்றனவா, அக்கா ஏறுக்கா, மேல விழுந்துடும், விழட்டும், இரு, இரு, விரல்நுனியில் வேர், வேரைப் பிடித்துக்கொண்டே போனால் கிழங்கு, கெட்டியான, சின்ன, உயிருள்ள கிழங்கு, சேற்றோடு பறித்து எடுத்தாள், பேசினில் போட்டாள், குழாயைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள், குமரேசன் உள்ளே போய்விட்டார், பெண்ணின் அப்பா போகாமல் முடியாது, குழாயைப் பிடித்து நிற்க ஒருவரும் இல்லை, மேளம் நின்றது, யாரோ லக்னப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டாள், இன்னொரு கையில் நல்ல தண்ணீர் நிறைந்த குடம், பின்கதவு, அடுப்படி, நடுவீடு, வெள்ளைத்தரையில் கால் பட்ட இடமெல்லாம் கறுப்பு, பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள், யாரோ அய்யோ என்றார்கள், பந்தலுக்குள் வந்தபோது வாசித்தவர் நிறுத்திவிட்டார், மணையில் சிந்துஜா, புருவம் இரண்டும் வந்துவிட்டது, தலையில் பூ இல்லை, ஆர்க்கிட் இல்லை, ஒன்றும் இல்லாமல் வெறும் சடை, எதிரே பாயில் மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும், இந்தப் பக்கம் குமரேசனைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு அண்ணனும் மதினியும், அண்ணன் கையில் வெள்ளித்தட்டு, வெற்றிலை, மஞ்சள், தேங்காய், பத்திரிகை, நீட்டப்போகிற நிலையில்.

அவள் போய் அவர் முன்னால் நின்றாள், குடத்தை மதினி பக்கத்தில் இறக்கினாள், அந்தத் தட்ட இங்க கொடுங்க அண்ணே, திலகா, நாலு பேர் பாக்குறாங்க, பாக்கட்டும், கொடுங்க, அவர் அண்ணாந்து பார்த்தார், வாழ்க்கையில் முதல்முறையாக எதையோ கண்ணால் பார்க்கிறவர்போலப் பார்த்தார், தட்டைப் பிடித்த கை தளர்ந்தது, அவள் தட்டை வாங்கிக்கொண்டாள், அந்தக் கை காலியானதும் பேசினை அதில் வைத்தாள், சேறு அலம்பிப் பட்டுவேட்டியில் விழுந்தது, கீழ வைக்காதீங்க, பழைய தண்ணியச் சாய்ச்சுட்டுப் புதுசு ஊத்துங்க, சாய்ச்சு ஊத்திக்கிட்டே இருங்க, நான் போதும்ங்கிற வரைக்கும், பொழைக்கலைன்னா அப்புறம் நாம பேசுவோம், நெறைய பேச வேண்டியது இருக்கு.

ஒருவரும் சிரிக்கவில்லை, மதினி எழுந்தார், அண்ணனும் எழுந்தார், பேசினை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாய்மாமன் மாலையோடு, அந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள், குமரேசன் அவசரமாக நகர்ந்து பக்கத்தில் வந்தார், மாப்பிள்ளையின் அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், வெந்து சிவந்து, நகக்கண்ணெல்லாம் சேறு அடைந்த கை, தையல்காரம்மாவின் விரல்களிலும் ஊசி குத்திய தழும்புகள் இருந்தன, என்ன சம்பந்தி கை இப்படி ஆகிப்போச்சு, எரியுதா என்றார், வந்த இடத்தில் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, அண்ணன் வாயைத் திறப்பது அவளுக்குத் தெரிந்தது, அவருக்கு முன்னால் அவள் சொன்னாள், எரியுது, ரொம்ப எரியுது, என் கொளத்துல மருந்தக் கொட்டிட்டாங்க, நான் எடுத்துட்டுத்தான் வந்தேன், நீங்க வாசிக்கச் சொல்லுங்க. பந்தல் ஓரத்தில் தண்ணீர் சாய்கிற சத்தம், ஊற்றுகிற சத்தம், மறுபடி சாய்கிற சத்தம், வாசிப்பவர் விட்ட இடத்தைத் தேடுகிறார், வெள்ளித்தட்டின் அடியில் அவள் விரல்கள், சேறு மஞ்சள்மேல் இறங்குகிறது, அவள் துடைக்கவில்லை, பிடியை இறுக்கித் தட்டை முன்னால் நீட்டுகிறாள்.